எதைத் தொட்டாலும் கை தவறும் பிள்ளை: டிஸ்பிராக்சியாவை அறிந்துகொள்வோம்

ஒன்பது வயதாகியும் பைஜாமா நாடாவை முடியத் தெரியாது. உளூச் செய்துவிட்டு வந்தால் சட்டை முழுக்க நனைந்திருக்கும். நோன்புக் கஞ்சிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் பாதி பாயில் கொட்டிவிடும். மக்தபில் ஸூராவை மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே மனனம் செய்து ஒப்பித்துவிடுவான். ஆனால் அதே ஸூராவிலிருந்து இரண்டு வரியைப் பார்த்து எழுதச் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். எழுதியதை அவனாலேயே வாசிக்க முடியாது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் வீடுகளில் வைக்கும் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். சோம்பேறி, கவனமில்லாதவன், பொறுப்பில்லாதவன், வேண்டுமென்றே செய்கிறான். இவற்றில் எதுவும் உண்மையாக இல்லாமல் போகலாம். அந்தப் பிள்ளைக்கு டிஸ்பிராக்சியா இருக்கலாம்.

டிஸ்பிராக்சியா என்பது உடல் அசைவுகளைத் திட்டமிட்டு, ஒன்றோடொன்று இணைத்துச் செய்வதில் ஏற்படும் சிரமம். மருத்துவ நூல்களில் இன்று இதற்கு 'வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற பொருள் தரும் பெயர் வழங்குகிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் டிசிடி என்பார்கள். 1962இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தலையங்கம் எழுதியபோது 'தடுமாறும் பிள்ளைகள்' என்று பொருள்படும் சொல்லைத்தான் பயன்படுத்தியது. பின்னர் 1994இல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய நிபுணர்கள் டிசிடி என்ற பெயரைப் பொதுவாகப் பயன்படுத்த முடிவு செய்தார்கள். பெற்றோரிடையே டிஸ்பிராக்சியா என்ற பெயரே அதிகம் பழகியிருப்பதால் இங்கும் அதையே எழுதுகிறேன்.

பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. நாற்பது பிள்ளைகள் ஓதும் மக்தபில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் இரு மடங்கோ அதற்கு மேலோ கண்டறியப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், பிறக்கும்போது எடை மிகக் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்தப் பிள்ளைகளின் தசையில் பலவீனம் இல்லை. அறிவிலும் குறைவில்லை. ஒரு செயலைப் புதிதாகக் கற்கும்போது மூளை அதை முன்கூட்டியே வரைந்து பார்க்கிறது, உடலுக்கு ஆணை அனுப்புகிறது, நடந்ததை நினைத்ததோடு ஒப்பிட்டு அடுத்த முறை திருத்திக்கொள்கிறது. சட்டைப் பொத்தானைப் பத்து முறை போட்ட பிள்ளைக்குப் பதினோராவது முறை கை தானாகவே போகிறது. டிஸ்பிராக்சியா உள்ள பிள்ளைக்கு இந்தத் 'தானாக' வருவதற்கு மிக நீண்ட காலம் ஆகும். நூறாவது முறையும் அது முதல் முறையைப் போலவே யோசித்துச் செய்ய வேண்டிய வேலையாக இருக்கும். நேற்றுச் சரியாகச் செய்தவன் இன்று சொதப்புவதும் இதனால்தான். "நேற்று மட்டும் எப்படி வந்தது?" என்று நாம் கேட்கிறோம். அவனுக்கே அது தெரியாது.

வீட்டிலும் பள்ளிவாசலிலும் தெரியும் அடையாளங்கள்

மருத்துவ நூல்களில் கொடுத்திருக்கும் அடையாளங்கள் பந்து பிடித்தல், கத்தரிக்கோல், ஷூ லேஸ், சைக்கிள் என்று போகும். அவை நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஆனால் நம் பிள்ளைகளின் அன்றாடத்தில், கவனித்துப் பார்க்கும் பெற்றோருக்கு, அவற்றைவிடத் தெளிவான இடங்கள் இருக்கின்றன.

உளூவை எடுத்துக்கொள்ளுங்கள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, தலை, காது, கால் என்று வரிசை மாறாமல் செய்ய வேண்டிய ஒரு தொடர் செயல் அது. ஏழெட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பழகிவிடும். டிஸ்பிராக்சியா உள்ள பிள்ளை வரிசையை வாயால் சரியாகச் சொல்லுவான். செய்யும்போது நடுவில் நின்றுவிடுவான், ஒரு கையைக் கழுவிவிட்டு மறு கையை விட்டுவிடுவான், உள்ளங்கையில் அள்ளிய நீர் முகத்துக்குப் போவதற்குள் ஒழுகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த வரிசைமுறை, அதாவது தர்த்தீப், ஃபர்ளு. ஹனஃபி மத்ஹபில் சுன்னத்து. ஆகவே கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ குடும்பங்களில் இந்தப் பிள்ளைக்குத் திட்டு கூடுதலாக விழுவதைப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப உளூச் செய்ய வைத்து, கடைசியில் பிள்ளை அழுதுகொண்டே தொழ வருகிறது.

தொழுகையிலும் இப்படித்தான். ஸஃப்பில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் மீது சாய்வது, ருகூஉவிலிருந்து எழும்போது தடுமாறுவது, ஸுஜூதுக்குப் போகும்போது தொப்பென்று விழுவது, அத்தஹிய்யாத் இருப்பில் காலை மடக்கத் தெரியாமல் நெளிவது. பின்னால் நிற்கும் பெரியவருக்கு இது விளையாட்டாகத் தெரியும். தொழுகை முடிந்ததும் தலையில் ஒரு குட்டு விழும்.

இவை தவிர வீட்டில் கவனிக்க வேண்டியவை பல. செருப்பைக் கால் மாற்றிப் போடுவது. கைலி இடுப்பில் நிற்காமல் அவிழ்வது. இஸ்தின்ஜா செய்து சுத்தமாக வெளியே வர முடியாமல், அதனாலேயே பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வருவது. இதைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பெற்றோர்தான் கேட்டறிய வேண்டும். விருந்துகளில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்தால் சோறு அடுத்தவர் பக்கம் சிதறுவது. படிக்கட்டில் இறங்கும்போது பத்து வயதிலும் சுவரைப் பிடித்துக்கொள்வது. கதவு நிலையில், மேசை முனையில் இடித்துக்கொண்டு உடம்பில் எங்கே பட்டது என்று தெரியாத நீலத் தழும்புகளோடு திரிவது.

எழுத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நம் பிள்ளைகள் காலையில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக எழுதுகிறார்கள், மாலையில் அரபியை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். மற்றப் பிள்ளைக்கு இது ஒரு வாரப் பழக்கம். இந்தப் பிள்ளைக்குப் பெரும் சுமை. பென்சிலை நசுக்குவது போல் பிடிப்பான். சில வரியில் கை வலிக்கிறது என்பான். புள்ளிகள் வேறு எழுத்தின் மேல் போய் உட்காரும். வாயால் சொல்லும் பதிலுக்கும் தாளில் எழுதும் பதிலுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். என்னைப் பொறுத்தவரை ஓர் உஸ்தாத் கவனிக்கக்கூடிய முதல் அடையாளம் அதுவே.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை மைதானத்தில் தடுமாறுவதை ஊர் பார்க்கிறது. பெண் பிள்ளை விளையாட்டிலிருந்து ஒதுங்கி உட்கார்ந்தால் 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டு கிடைக்கிறது. ஹிஜாப் பின் குத்த முடியாமல் அவள் கண்ணாடி முன் நிற்பதையும், தலை பின்னிக்கொள்ள வராததையும், சப்பாத்தி தேய்த்தால் ஒரு பக்கம் பிய்வதையும் உம்மாமார் கவனிக்க வேண்டும். கல்யாண வயதில் 'வேலை தெரியாதவள்' என்ற பேச்சைக் கேட்க வைப்பதைவிட எட்டு வயதில் டாக்டரிடம் காட்டுவது மேல்.

உச்சரிப்பில் சிரமம் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்பதுண்டு. உதடு, நாக்கு அசைவுகளைத் திட்டமிடுவதில் வரும் பேச்சுச் சிரமம் வேறு வகை. அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். மக்ரஜ் சரியாக வராத எல்லாப் பிள்ளைக்கும் இது இருப்பதாக நினைத்துவிடவும் வேண்டாம்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளையின் செயல்களைப் பார்த்து, வரலாற்றைக் கேட்டு, மற்றக் காரணங்களை விலக்கித்தான் முடிவுக்கு வருகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டின்படி நான்கு விஷயங்கள் ஒத்துவர வேண்டும். வயதுக்கும் கிடைத்த வாய்ப்புக்கும் ஏற்ற அளவை விட உடல் ஒருங்கிணைப்புக் குறைவாக இருக்க வேண்டும். அது அன்றாட வாழ்க்கையையோ படிப்பையோ பாதிக்க வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பார்வைக் குறைவு, அறிவு வளர்ச்சிக் குறைவு, நரம்பு நோய் போன்றவற்றால் விளக்கக்கூடியதாக இருக்கக் கூடாது.

முதல் நிபந்தனையில் 'கிடைத்த வாய்ப்பு' என்ற சொல்லை நம் குடும்பங்கள் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஆறு வயது வரை உம்மும்மா ஊட்டிவிடுகிறார். பொத்தானை உம்மா போடுகிறார். வளைகுடா நாட்டின் ஃபிளாட்டில் நான்கு சுவருக்குள் வளர்ந்த பிள்ளை மண்ணில் ஓடியதே இல்லை. பெண் பிள்ளைக்கு சைக்கிள் வாங்கித் தரவே இல்லை. இப்படி வளர்ந்த பிள்ளை தடுமாறினால் அது குறைபாடா, பழக்கமின்மையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு மாதம் பிள்ளையைத் தானாகச் செய்ய விடுங்கள். பழக்கமின்மை என்றால் கண்ணெதிரே முன்னேற்றம் தெரியும். டிஸ்பிராக்சியா என்றால் முன்னேற்றம் இருந்தாலும் சக பிள்ளைகளோடு உள்ள இடைவெளி அப்படியே நிற்கும்.

ஐந்து வயதுக்கு முன் பொதுவாக இந்த முடிவைச் சொல்ல மாட்டார்கள். சிறு பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் ஒருவருக்கொருவர் பெரிதும் மாறுபடும். மூன்று வயதுக்கு மேல் சிரமம் மிகத் தீவிரமாக இருந்தால் மட்டும், குறைந்தது மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை சோதித்துவிட்டுச் சொல்லலாம் என்பது சர்வதேச வழிகாட்டுதல்.

முதலில் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். அவர் நரம்பு, தசை, கண், காது எல்லாம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவரிடமோ குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ அனுப்புவார். அசைவுகளை அளந்து பார்ப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. உடுத்துதல், எழுதுதல், உண்ணுதல் போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர் அவர். சில இடங்களில் பிசியோதெரபிஸ்டும் செய்வார். பெற்றோரிடம் பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுப்பார்கள். ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அது ஐயத்தைக் காட்டும், முடிவைச் சொல்லாது. பிறகு நேரடிச் சோதனை. உலகில் அதிகம் பயன்படுவது மூவ்மெண்ட் ஏபிசி என்ற சோதனை. ஷீலா ஹெண்டர்சனும் டேவிட் சக்டனும் 1992இல் வெளியிட்டது, 2007இல் இரண்டாம் பதிப்பு வந்தது. சிறு பிள்ளைக்கு உண்டியல் போன்ற பெட்டியில் நாணயம் போடுவது, மணி கோர்ப்பது, கோட்டுக்குள் வரைவது, சிறு பையைப் பிடிப்பது, எறிவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று விளையாட்டுப் போலவே இருக்கும். பிள்ளை பயப்பட ஒன்றும் இல்லை. நூறு பிள்ளைகளை வரிசைப்படுத்தினால் கடைசி ஐந்து பேருக்குள் வருகிற அளவுக்கு மதிப்பெண் குறைந்தால் தெளிவான சிரமம் என்றும், அதற்கு மேல் பதினைந்து வரை என்றால் கவனிக்கப்பட வேண்டிய பிள்ளை என்றும் கொள்கிறார்கள். இதன் இரண்டாம் பதிப்பின் அளவுகோல் பிரிட்டன் பிள்ளைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஆகவே நல்ல நிபுணர் வெறும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டார். வீட்டையும் பள்ளியையும் விசாரிப்பார்.

போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். பிறந்த எடை, எத்தனை மாதத்தில் பிறந்தது, எப்போது நடந்தது என்ற விவரங்கள், பள்ளி நோட்டும் மக்தப் நோட்டும், உளூச் செய்வதையும் சட்டை போடுவதையும் பிள்ளையைக் கேலி செய்யாமல் எடுத்த இரண்டு நிமிட மொபைல் வீடியோ ஆகியவை டாக்டருக்கு மிகவும் உதவும்.

டிஸ்பிராக்சியா உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு என்ற ஏடிஎச்டியும் சேர்ந்திருக்கிறது. எழுத்து வாசிப்புச் சிரமமான டிஸ்லெக்சியாவும், ஆட்டிசமும்கூடச் சேர்ந்து வரலாம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

தாமதிக்கக் கூடாத சில அறிகுறிகள்

இதுவரை சொன்னது பிறந்தது முதல் மெதுவாக, ஆனால் முன்னோக்கிச் செல்லும் பிள்ளையைப் பற்றி. பின்னோக்கிச் செல்லும் பிள்ளையின் விஷயம் வேறு. நன்றாக நடந்த பிள்ளை தடுமாறத் தொடங்கினால், எழுதிய கை எழுத மறந்தால், ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் பலம் குறைந்தால், காலையில் தலைவலியும் வாந்தியும் இருந்து நடையும் தள்ளாடினால், நடுநடுவே பிரமை பிடித்ததுபோல் வெறித்து நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஆண் பிள்ளை தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளையே கையால் ஊன்றிப் பிடித்து ஏறுவதுபோல் எழுந்தால், கெண்டைக்கால் பருத்துத் தெரிந்தால், அது தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். ஸுஜூதிலிருந்து எழும்போது இதை எளிதாகக் கவனிக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

சொந்தத்தில் திருமணம் செய்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிஸ்பிராக்சியா அதனால் வருகிறது என்று மருத்துவம் சொல்வதில்லை. ஆகவே மருமகளையோ சம்பந்தி வீட்டையோ இதைச் சொல்லிக் குறை கூற யாருக்கும் வழியில்லை. ஆனால் தொடக்கத்தில் இதைப் போலவே தோன்றும் சில பரம்பரை நரம்பு நோய்கள் நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்தத் தகவல் தீர்மானிக்கும்.

கண்ணூறு என்றும் ஜின் கோளாறு என்றும் சொல்லித் தாயத்துக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்காக துஆச் செய்வதும் ஓதிப் பார்ப்பதும் நம் மார்க்கத்தில் உள்ளவை. அவற்றோடு மருத்துவமும் செய்யச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்தான். ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஒத்திப்போடுவதில் போவது பிள்ளையின் வயது. மூளையைத் தூண்டும் வகுப்பு, ஞாபக சக்தி டானிக் என்று விளம்பரம் செய்பவர்களிடமும் பணத்தைக் கொட்ட வேண்டாம். டிஸ்பிராக்சியாவைப் போக்கும் மாத்திரை எதுவும் கிடையாது.

எங்கே போவது?

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிவதும் இதன் பணி. இதன் கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையங்களில் குழந்தை மருத்துவரும் பயிற்சியாளர்களும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரித்தால் சொல்வார்கள். இத்திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்தான் வருகிறது. தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளைத் தேடி யாரும் வரமாட்டார்கள், நாமே அழைத்துச் செல்ல வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் குழந்தை வளர்ச்சிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் டிஸ்பிராக்சியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளைக் கேட்க இதுவே அடிப்படை. ஆனால் சான்றிதழுக்கான சோதனைகள் பெரும்பாலும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றையே அளக்கின்றன. எனவே எழுத்தில் உள்ள சிரமத்தை மருத்துவ அறிக்கையில் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் போய் ஓடுவதைவிட ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது. 'ஊனச் சான்றிதழா?' என்று தயங்கும் வாப்பாமார் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலையைத் தேர்வு அறையில் பிள்ளைதான் கொடுக்கிறது.

பயிற்சி எப்படி இருக்கும்?

பொதுவாகக் கை வலுவாக வேண்டும் என்று பந்தை அமுக்கச் சொல்வது, சமநிலை வர வேண்டும் என்று ஊஞ்சலில் ஆட்டுவது போன்றவற்றைவிட, எந்தச் செயல் வரவில்லையோ அதையே கற்பிக்கும் முறைக்கு நல்ல பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கனடாவின் ஹெலன் பொலடைக்கோ, ஏஞ்சலா மேண்டிச் ஆகியோர் உருவாக்கிய ஒரு முறையில் பிள்ளையே தனக்கு வேண்டிய இலக்கைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு அதற்குத் திட்டம் சொல்கிறது, செய்கிறது, சரியாக வந்ததா என்று தானே பார்க்கிறது. இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு. இந்த நான்கையும் பிள்ளை வாயால் சொல்லிப் பழகுகிறது. "நாடா ஏன் அவிழ்ந்தது? இழுக்கும்போது ஒரு முனை குட்டையாக இருந்தது. அடுத்த முறை என்ன செய்யலாம்?" பெரியவர் விடையைச் சொல்லிவிடாமல் கேள்வியைக் கேட்கிறார்.

உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் செய்தி எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர் அவர். சாப்பிடும்போது தம் கை தட்டு முழுக்க அலைந்துகொண்டிருந்ததாக அவரே பின்னாளில் சொல்கிறார். அவருக்கு இந்தக் குறைபாடு இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. நபியவர்கள் திருத்திய விதத்தைப் பாருங்கள். சிறுவரே என்று அழைத்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, தன் பக்கம் இருப்பதிலிருந்து எடுப்பது என்று மூன்றே மூன்று சிறு செய்திகள் சொன்னார்கள். 'ஏன் இப்படிச் செய்கிறாய்' என்ற கேள்வி இல்லை, அடி இல்லை, மற்றவர் முன் ஏளனம் இல்லை. அதற்குப் பிறகு தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆனது என்கிறார் அவர். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், செய்த ஒன்றை ஏன் செய்தாய் என்றுகூட நபியவர்கள் தம்மைக் கேட்டதில்லை என்று சொன்னதும் நாம் அறிந்ததே.

வலக்கை என்றதும் ஒரு கேள்வி வரும். இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு எந்தக் கை என்பது நெடுநாள் நிலைபெறாது. உண்பதற்கு வலக்கையைப் பொறுமையாகப் பழக்குங்கள். உண்மையான இயலாமை இருந்தால் இடக்கையைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ளதுதான். எழுதுவதற்கு எந்தக் கை எளிதாக இருக்கிறதோ அந்தக் கை இருக்கட்டும்.

தொழுகையில் எது ஃபர்ளு, எது சுன்னத்து என்று பிரித்துக் கற்பித்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். அத்தஹிய்யாத்தில் காலை எப்படி மடக்கி உட்கார வேண்டும் என்பது சுன்னத்து. பிள்ளைக்கு எப்படி உட்கார வருகிறதோ அப்படி உட்கார்ந்தாலும் தொழுகை கூடும். முதலில் ஃபர்ளுகள் நிலைபெறட்டும். பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லும் அபூதாவூதின் ஹதீஸைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அது தொழுகையை விட்ட பிள்ளையைப் பற்றியது. தொழ வந்து நின்று தடுமாறுகிற பிள்ளையைப் பற்றியது இல்லை. தட்டுத் தடுமாறிச் சிரமத்தோடு குர்ஆனை ஓதுபவருக்கு இரட்டைக் கூலி என்ற நபிமொழியை அந்தப் பிள்ளைக்கு ஒரு முறையாவது சொல்லுங்கள். அவனிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். லேஸுக்குப் பதில் ஒட்டும் பட்டை வைத்த செருப்பு. ஹவுளின் வழுக்கும் படிக்குப் பதில் வீட்டிலேயே, தினமும் ஒரே இடத்தில், உட்கார்ந்து, சிறு குவளையால் உளூ. அடுத்து என்ன உறுப்பு என்று பிள்ளை வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும். பள்ளிவாசலில் ஸஃப்பின் ஓரத்தில், சுவர் பக்கம், வாப்பாவுக்கு அருகில் நிறுத்துங்கள். ஒரு பக்கமாவது இடிபடாமல் இருக்கும். காலையில் கிளம்புவதற்கு மற்றப் பிள்ளையைவிடக் கால் மணி நேரம் முன்பே எழுப்புங்கள். அவசரம் இவர்களின் கையை முற்றிலும் கெடுத்துவிடும்.

பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது பெரியவர்களான பின்னும் ஓரளவு நீடிக்கிறது. பைக் ஓட்டக் கற்க அதிக நாளாகும். கல்லூரியில் குறிப்பெடுக்கச் சிரமமாக இருக்கும், அதற்கு மடிக்கணினி உதவும். கையின் சிரமத்தைவிடப் பெரிதாக வளர்வது வேறு. விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை ஒதுங்குகிறது, உடல் பருக்கிறது, பதற்றமும் மனச்சோர்வும் வருகின்றன. எட்டு வயதில் கேட்ட 'சோம்பேறி'யை இருபது வயதில் அவனே தன்னைப் பற்றி நம்பத் தொடங்கியிருப்பான். நீச்சல், நடை, ஓட்டம் போன்று எதிரணியோ பந்தோ இல்லாத, தன் வேகத்தில் செய்யும் பயிற்சிகள் இத்தகைய பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒத்துவரும்.

மக்தப் உஸ்தாதுகளிடமும் நிர்வாகிகளிடமும் ஒரு கோரிக்கை. ஷஃபான் மாதத்தில் ஆண்டுத் தேர்வு வைக்கும்போது, எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளை அடையாளம் கண்டு அவர்களுக்குக் கேள்விகளை வாய்மொழியாகக் கேளுங்கள். பார்த்து எழுதுவதற்கு மதிப்பெண் வைத்திருந்தால் அவர்களுக்கு மட்டும் அளவைப் பாதியாகக் குறைத்து, நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். பெற்றோரை அழைத்துத் தனியாகச் சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகள் முன்னால் வேண்டாம். டாக்டரிடம் எடுத்துச் செல்ல, நீங்கள் கவனித்தவற்றை நான்கு வரி எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.